உட்கார்ந்திருப்பவரும் வேலையில்தான் இருக்கிறார்

(தீத்தொண்டு வாரத்தையொட்டி நமது அறக்கட்டளை அரங்கில் மஃரிபுக்குப் பின் நடந்த குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் நின்றிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ என்ற கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதிகளும் வெடிபொருள்களும் அந்த ஒரே கப்பலில் இருந்தன. தீயை அணைத்துக்கொண்டிருக்கும்போதே, மாலை நான்கு மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. தீயணைப்புப் படையினர் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம்.

வழக்கமாக இந்த வாரத்தில் கேஸ் அடுப்பை எப்படி மூடுவது, பழைய ஒயரை எப்போது மாற்றுவது என்று சொல்லித் தருவோம். அதைப் போன வருடமே சொல்லிவிட்டோம். இன்று, தீயை அணைக்க வருகிறாரே, அவருடைய உடம்பையும் புத்தியையும் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் குடோன் எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். சித்திரை மாதம். லுஹர் தொழுதுவிட்டு வெளியே வருகிறோம், கரும்புகை தெரிகிறது. குடோனை ஒட்டி ஒரு டீக்கடை. தீயணைப்பு வண்டி வந்தது, உள்ளே போனார்கள், தண்ணீர் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் வெளியே வந்து எதிர்க்கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். தீ இன்னும் எரிகிறது. குடோன்காரர் அழுகிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன் தம்பி, அங்கே ஒரு மனுஷனின் பிழைப்பே எரிகிறது, இங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறீர்களே?” என்று கேட்டுவிட்டேன். கூட நின்ற நாலு பேர் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். செயலாளரே சொல்லிவிட்டார் அல்லவா!

அந்தத் தம்பி பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். ஆனால் நான் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நிலைய அதிகாரிதான் பேசினார். “பாய், இவரிடம் இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன், நீங்களே பாருங்கள்” என்றார். பிறகு அவரிடம், “உள்ளே சிலிண்டர் எத்தனை பார்த்தாய்?” என்றார். “இரண்டு” என்றார் அவர். சிறிது நேரம் கழித்து “மூன்று சார்” என்றார். பிறகு “தெரியவில்லை சார்” என்றார். “எந்தப் பக்கம்?” என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

“இவரை இப்போது திரும்ப அனுப்பினால், அடுத்து இவரைத் தூக்கிவர இரண்டு பேரை அனுப்ப வேண்டியிருக்கும். பத்து நிமிடம் பொறுங்கள்” என்றார் அதிகாரி.

பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ இருக்கும். நிழலில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்தபின் அதே தம்பி எழுந்து வந்து, யாரும் கேட்காமலே தெளிவாகச் சொன்னார்: “சார், டீக்கடைப் பக்கம் இரண்டு. மூன்றாவது பின்னால், மாடிப்படிக்குக் கீழே.” அந்த மூன்றாவது சிலிண்டரை வெளியே கொண்டு வந்தபோது நான் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய்விட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அன்று கேட்கவில்லை. இன்று வரை மனதில் உறுத்துகிறது.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நான் டாக்டர் இல்லை. மதரஸாவில் ஓதியவன், கல்லூரியில் விலங்கியல் படித்தவன், அவ்வளவுதான். ஆனால் உடம்பு எப்படிச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பது விலங்கியல் படித்தவனுக்கு ஓரளவு புரியும்.

நாம் ஓடினாலும், சுமை தூக்கினாலும், தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெறும் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற நமக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஆனால் வியர்த்தால் மட்டும் போதாது, அது காய வேண்டும். காயும்போதுதான் சூடு போகும். தீயணைப்பவர் போடும் கோட்டு, வெளிச்சூடு உள்ளே வராமல் காக்கிறது. அதே கோட்டுத்தான் உள்சூட்டையும் வெளியே விடுவதில்லை. தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இது தம் போட்ட சட்டி மாதிரி. மேலும் கீழும் நெருப்பு, நடுவில் மூடி. அந்தச் சட்டிக்குள் ஒரு மனிதர், முதுகில் மூச்சுக் கருவி, கையில் தண்ணீர்க் குழாய், படியேறுகிறார். முழுப் பாதுகாப்பு உடையும் காற்றுச் சிலிண்டரும் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல் வரும். முப்பது நிமிடச் சிலிண்டர் என்று எழுதியிருக்கும். கடுமையாக உழைக்கும்போது அது முப்பது நிமிடத்துக்கு வராது.

இதயத்துக்கு இரட்டை வேலை. தசைக்கும் ரத்தம் வேண்டும், சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் ரத்தம் வேண்டும். வியர்த்து வியர்த்து ரத்தத்தில் நீரும் குறைகிறது. இருக்கிற கொஞ்ச ரத்தத்தை வேகமாகச் சுற்றவைத்துத்தான் இதயம் சமாளிக்கிறது. 1975இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் தீயணைப்பு வீரர்களின் நெஞ்சில் கருவி பொருத்திப் பார்த்தார்கள். அழைப்பு மணி அடித்து அரை நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 47 கூடியிருந்தது. தீயை இன்னும் பார்க்கக்கூட இல்லை!

இப்போது புத்திக்கு வருகிறேன். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

நம் கல்யாண வீடுகளில் பண்டாரியைப் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையிலிருந்து நாலு தேக்சா அடுப்புக்கு நடுவில் நிற்பார். பதினோரு மணிக்கு அவர் கையைப் பாருங்கள், கரண்டி ஒழுங்காகத்தான் சுற்றும். விறகு தள்ளுவதில் பிழை இருக்காது. ஆனால் “இந்தத் தேக்சாவுக்கு உப்புப் போட்டோமா?” என்று பக்கத்துப் பையனிடம் கேட்பார். இரண்டு நிமிடம் கழித்து அதையே திரும்பக் கேட்பார். பையன் சிரித்தால் அடிக்க வருவார்.

ஆராய்ச்சியாளர்கள் சொல்வதும் இதுதான். உடம்பு சூடேறிக் களைக்கும்போது, பழகிப்போன எளிய வேலைகள் கடைசிவரை நிற்கும். ஒரே நேரத்தில் நாலு விஷயத்தைக் கவனிப்பது, சற்றுமுன் பார்த்ததை நினைவில் வைத்திருப்பது, இருக்கும் வழிகளில் எது நல்லது என்று யோசிப்பது, போட்ட திட்டத்தை மாற்றுவது, இவைதான் முதலில் சரிகின்றன. கை நன்றாக இயங்குவதால் பார்க்கிறவருக்கும் ஒன்றும் தெரியாது. அதைவிட ஆபத்து, அந்த ஆளுக்கே தெரியாது. ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பார். பொய் சொல்லவில்லை அவர். தன் நிலையை அளந்து பார்க்கிற புத்திதானே இங்கே களைத்துப் போயிருக்கிறது!

இது நம் தெருவில் கண்டது. இதே பலவீனம் மலைக்காட்டுத் தீயில் எப்படி உயிர்களைக் கொண்டுபோனது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். உலகெங்கும் தீயணைப்புப் பயிற்சியில் சொல்லித்தரப்படுபவை இவை.

1949 ஆகஸ்ட் 5. மொன்டானா மாநிலத்தில் மேன் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துக் காட்டுத்தீயை அணைக்கும் பதினைந்து பேர் இறங்கினார்கள். தரையிலிருந்து ஒரு வனக் காவலர் சேர்ந்துகொண்டார். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய பையன்கள். பக்கத்து ஊரில் அன்று வெயில் 36 டிகிரி. நமக்கு அது பெரிய வெயில் இல்லைதான். ஆனால் செங்குத்தான புல் சரிவில், முதுகில் மூட்டையோடு, கையில் மண்வெட்டியும் ரம்பமுமாக ஏறிப் பார்த்தால் தெரியும். கீழே ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு எதிரே தீ பள்ளத்தாக்கைத் தாண்டி வந்துவிட்டது. திரும்பி மேல்நோக்கி ஓடினார்கள். தலைவர் வாக்னர் டாட்ஜ், சுமைகளையும் கருவிகளையும் போட்டுவிடச் சொன்னார். எல்லோரும் உடனே போடவில்லை.

தீ நெருங்கியதும் டாட்ஜ் தீக்குச்சி கிழித்துத் தனக்கு முன்னாலிருந்த புல்லைத் தானே கொளுத்தினார். அது எரிந்து முடிந்த சாம்பலில் படுத்துக்கொண்டால் பெரிய தீக்கு அங்கே எரிய ஒன்றும் இருக்காது என்பது அவர் கணக்கு. “இங்கே வாருங்கள்” என்று கத்தினார். ஒருவர்கூட வரவில்லை, அவரைத் தாண்டி ஓடினார்கள். டாட்ஜ் பிழைத்தார். மேட்டு உச்சிவரை ஓடிப் பாறைச் சந்தில் புகுந்த இருவர் பிழைத்தார்கள். மற்ற பதின்மூன்று பேரும் இறந்துபோனார்கள்.

45 ஆண்டுகள் கழித்து, 1994 ஜூலை 6 அன்று, கொலராடோ மாநிலத்தில் சவுத் கேன்யன் என்ற இடத்தில் அதேபோல ஒரு மலைச்சரிவில் பதினான்கு பேர் தீயில் மாண்டார்கள். சிலர் சுமையோடும் கருவிகளோடும் கிடந்தார்கள். சுமையைப் போட்டிருந்தால் இன்னும் வேகமாக ஏறியிருக்க முடியும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். பிழைத்துவந்த ஒருவர் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. உயிருக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, தோளில் ரம்பம் இருப்பதே வெகுதூரம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. உறைத்ததும் தூக்கி எறிந்தாரா? இல்லை. அது எரிந்துபோகாமல் இருக்க நல்ல இடமாகத் தேடினார்!

இதற்கெல்லாம் சூடு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பயம் உண்டு. புகை உண்டு. கருவியை விடக்கூடாது என்று ஆண்டுக்கணக்கில் ஊறிய பழக்கம் உண்டு. தலைவர் செய்வது என்னவென்றே புரியாத நிலையும் உண்டு, அப்படித் தானே தீ வைத்துத் தப்பும் வழியை அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆனால் மூச்சு முட்ட ஏறி, சூடேறிக் களைத்த மூளைக்குப் புதிய யோசனை எதுவும் ஏறாது, பழகிய ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கும் என்பதை இவ்விரு சம்பவங்களும் காட்டுகின்றன. நம் குடோன் தம்பிக்குச் சிலிண்டர் எண்ணிக்கை குழம்பியதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சரி, வெளியே வந்து உட்கார்ந்துவிட்டால் தீர்ந்ததா? இங்கேயும் நாம் நினைப்பது வேறு, உடம்பு செய்வது வேறு. தீயை விட்டு வெளியே வந்த பிறகும் உடம்பின் உள்சூடு சில நிமிடங்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் தம் வேகிறதே, அதுபோல.

ஸ்காட்லாந்தில் எடின்பர்க் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புகைப்பழக்கம் இல்லாத, ஆரோக்கியமான 19 தீயணைப்பு வீரர்களைப் பயிற்சித் தீக்குள் அனுப்பி, ஆள் கனமுள்ள பொம்மையைத் தூக்கிவரச் சொன்னார்கள். சுமார் இருபது நிமிட வேலை. உள்சூடு சராசரியாக ஒரு டிகிரி ஏறியது. அது தணிந்து பழைய நிலைக்கு வர மூன்று நான்கு மணி நேரம் ஆனது. ரத்தம் உறைந்து கட்டியாகும் தன்மை அறுபது சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. வியர்த்துக் கெட்டியான ரத்தம், களைத்த இதயம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் பணியில் இறந்த தீயணைப்பு வீரர்களின் கணக்கை, 2001 செப்டம்பர் 11 தவிர்த்து, ஆராய்ந்தார்கள். 1,144 பேரில் 449 பேர் இதய ரத்தக்குழாய் நோயால் இறந்திருந்தார்கள். நூற்றுக்கு முப்பத்தொன்பது. தீயில் கருகி இறப்பதைத்தான் நாம் நினைக்கிறோம், செய்தித்தாளிலும் அதுதான் வரும். அவர்களுடைய வேலை நேரத்தில் தீயோடு போராடுவது நூற்றில் ஒன்று முதல் ஐந்து பங்கு. ஆனால் அந்த இதய மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அந்தச் சிறிய நேரத்தில்தான் நடந்திருக்கிறது.

அதனால்தான் அங்கெல்லாம் ஓய்வை ஆளின் விருப்பத்துக்கு விடுவதில்லை, விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு சிலிண்டர் காற்று முடிந்து வந்தால் குறைந்தது பத்து நிமிடம், இரண்டு முடிந்தால் குறைந்தது இருபது நிமிடம் என்று அமெரிக்கத் தர விதி சொல்கிறது. கோட்டைக் கழற்ற வேண்டும், நிழலில் உட்கார வேண்டும், குளிர்ந்த நீர் நிரம்பிய தொட்டியில் முழங்கைவரை இரு கைகளையும் அமிழ்த்த வேண்டும். முன்கையில் ரத்தம் தோலை ஒட்டி ஓடுவதால் சூடு அந்த வழியே இறங்குகிறது. எளிய வைத்தியம், செலவில்லாதது. எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. மூச்சுக் கருவியோடு உள்ளே போகிறவர் தன் பெயர் வில்லையை வாசலில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வாசலில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பலகையில் குறித்துக்கொண்டே இருப்பார். இன்னார் எத்தனை மணிக்குப் போனார், காற்று எப்போது தீரும் என்று. உள்ளே இருப்பவருக்கு நேரம் தெரியாது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. வெளியே நிற்பவர்தான் உள்ளே இருப்பவருடைய புத்தி. நம் குடோன் தீயில் அந்த நிலைய அதிகாரி செய்ததும் இந்த வேலைதான். நான் அவரைக் குறுக்கே நின்று தடுத்தேன்.

இப்போது நம் பக்கத்து விஷயம். நம் அறக்கட்டளைத் தொண்டர்கள் வெள்ளத்திலும் விபத்திலும் முன்னால் நிற்கிறவர்கள், சந்தோஷம். ஆனால் தீ என்றால் ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே பாய்வதை வீரம் என்று நினைக்கிறீர்கள். அந்தத் துண்டு கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தடுக்காது. அந்த வாயு ரத்தத்தில் ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்வது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் குழப்பமும் வந்தபின் வெளியேறும் வழியே புரியாது. 101க்கோ 112க்கோ கூப்பிடுங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள், சிலிண்டர் எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதி, வந்து இறங்கும் அதிகாரி கையில் கொடுங்கள். அன்று யாராவது ஒருவர் அந்தத் துண்டுச் சீட்டை எழுதியிருந்தால், சூடேறிய ஒரு தம்பியின் நினைவை நம்பி யாரும் நிற்க வேண்டியிருந்திருக்காது.

கூட்டத்தை ஒதுக்கி, ஒரு நிழலான திண்ணையைக் காலி செய்து வையுங்கள். உட்காருபவரைச் சுற்றி நின்று போன் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அவர் பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், தள்ளாடினால், கேட்ட கேள்விக்கு வேறு பதில் வந்தால், உடனே அவருடைய அதிகாரியிடம் சொல்லுங்கள். அது வெறும் களைப்பு இல்லை. உள்சூடு 40 டிகிரியைத் தொட்டு, புத்தியும் தடுமாறினால் அது வெப்ப மயக்கம், உயிர் போகும் அவசரம். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இதை எழுதி வைத்திருந்தபோது, நம் ஜமாஅத்தில் தீயணைப்புத் துறையில் மகனை வைத்திருக்கும் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்கள். “பெரிய தீ என்று போய்விட்டு வந்தால் அவன் யாருடனும் பேசுவதில்லை. சோறு வேண்டாம் என்கிறான். கேட்டால் எரிந்து விழுகிறான். என் மேல் என்னப்பா கோபம் அவனுக்கு?” என்று.

அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். உங்கள் மேல் கோபம் இல்லை ராத்தா. வீட்டுக்கு வந்தது ஆள்தான். அவருடைய உடம்பு இன்னும் தீயிலிருந்து முழுதாக வந்து சேரவில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார விடுங்கள். மோரோ கஞ்சியோ உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ பக்கத்தில் வையுங்கள். மளிகைக் கணக்கு, தங்கச்சி கல்யாணப் பேச்சு, தாசில்தார் ஆபீஸ் காகிதம் எதையும் அந்த மாலையில் எடுக்காதீர்கள். உடனே பைக்கை எடுத்துக்கொண்டு தூரமாக எங்கும் போகச் சொல்லாதீர்கள். ஆனால் நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, மூச்சுத்திணறல், வாந்தியோடு தலைவலி என்று எதைச் சொன்னாலும், “களைப்புத்தான், தூங்கினால் சரியாகும்” என்று விட்டுவிடாதீர்கள். அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி. அவர் வேண்டாம் என்பார், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வயது முப்பதுதானே என்றும் பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒரு நிர்வாக அறிவிப்பு. அறக்கட்டளை சார்பில் அகலமான பிளாஸ்டிக் தொட்டி நான்கு, இருபது லிட்டர் கேன் பத்து, மடக்குக் குடை இரண்டு வாங்கியிருக்கிறோம். பள்ளிவாசல் பின்புற அறையில் இருக்கும். சாவி ஒன்று முஅத்தின் சாஹிபிடம், இன்னொன்று ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் நம் உறுப்பினரிடம். கடைத்தெருவில் தீ என்று தகவல் வந்தால் இரவு பகல் பார்க்காமல் ஐஸ் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தொட்டியைத் தூக்கிப் போய் நிரப்பிவைக்க ஆறு இளைஞர்கள் வேண்டும். உள்ளே போகிற ஆசை இல்லாதவர்களாக இருந்தால் நல்லது. இஷாவுக்குப் பிறகு அலுவலகத்தில்தான் இருப்பேன், பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். வஸ்ஸலாம்.